சங்குமுனை அடித்த ஒரே கோல்

சங்குமுனைக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கன்னியாகுமரிக் கடற்கரை நெடுக நடந்து தேடினாலும் அவர்களைப் போல சொன்னதைச் செய்கிற ஜனம் கிடைக்காது. சொன்னதை அப்படியே செய்வார்கள். அதற்கு மேல் ஒரு இம்மியும் செய்யமாட்டார்கள். ஊருக்குப் பெருமையும் அதுதான், ஊரைப் பிடித்த சனியனும் அதுதான்.

அந்த ஊரில் ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. பதினோரு பேர் ஆடினார்கள். மிச்சமிருந்த அத்தனை பேரும் ரசிகர் மன்றத்தில் இருந்தார்கள். மன்றத் தலைவர் ததேயு ஐம்பதைத் தாண்டிய மீனவர், ஆனால் தொண்டை மட்டும் இருபது வயசுத் தொண்டை. பாவம், அந்தத் தொண்டைக்கு வேலையே வந்ததில்லை. வருஷா வருஷம் திருவிழாவில் பக்கத்து ஊர் பாறைத்துறையோடு ஆட்டம் நடக்கும். அதில் சங்குமுனை அன்றுவரை ஒரு கோல்கூடப் போட்டது கிடையாது.

ததேயு பெண் எடுத்தது அதே பாறைத்துறையில். மச்சினன் பெர்க்மான்ஸ் அந்த ஊர் அணியில் தடுப்பு ஆட்டக்காரன். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்தபின் அக்காள் வீட்டுக்கு வந்து, வயிறு முட்ட மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு, ஒரு கேள்வி கேட்பான். "அத்தான், கோலுன்னு எப்படிக் கத்தணும்னு தெரியுமா? சொல்லித் தரட்டா?"

ததேயுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவருக்குக் கத்தத் தெரியும். நடுக்கடலில், பக்கத்தில் வேறு வள்ளம் இல்லாத நேரமாகப் பார்த்து, "கோல்" என்று தனியாகக் கத்திப் பழகியிருக்கிறார். நன்றாகத்தான் வந்தது. சாவதற்குள் ஒரே ஒரு தடவை அதைச் சொந்த ஊர் மைதானத்தில் நின்று கத்திவிட வேண்டும். மனிதருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்படியிருக்கையில்தான் கழகம் கோயம்புத்தூர் மௌலியை எடுத்துவிட்டது என்று செய்தி வந்தது. மௌலி என்றால் சாதாரண ஆள் இல்லை, ஒரு காலத்தில் பெயர்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர். சங்குமுனையில் பாதி வீடுகளில் அவருடைய படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கும் கழகச் செயலாளர் கிளமென்ட் போனிலேயே பேசிப் பேசி அவரைக் கரைத்துவிட்டார். ததேயு செய்தி கேட்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து கிளமென்டைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியபின் மன்றம் கூடி யோசித்தது. மௌலிக்கு வயது நாற்பத்து மூன்று. அதுதான் இடித்தது.

"பழசாச்சே," என்றார் முரசு அடிக்கிற அருளப்பன். "கெட்டுப் போயிருந்தா?"

"வந்து எறங்குனதும் பாத்தாத் தெரிஞ்சிரும்," என்றார் ததேயு. "கண்ணு கலங்காம இருக்கணும். சதைய அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கப்பிடாது. அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறந்ததிலிருந்து மீன் வாங்கி விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எது தெரியும்? மௌலி காரைவிட்டு இறங்கியதும் மாலை போட்டார்கள். அவர் குனிந்து மாலையை வாங்கும்போதே ததேயு கீழே உட்கார்ந்து அவர் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். குழி உடனே மேலெழும்பிவிட்டது. அருளப்பன் முரசை அடித்தார், ஊரே கைதட்டியது. மௌலி இதையும் வரவேற்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

அடுத்த சோதனை ஐஸ் வடிவில் வந்தது. பயணம் முடிந்ததும் முட்டிக்கு ஐஸ் வைக்க வேண்டும் என்று கிளமென்டிடம் மௌலியின் டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு ஐஸ் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவா வேண்டும்? மீனுக்குச் சரி எடை ஐஸ் என்பது சங்குமுனையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"டாக்டர் முட்டிக்கு மட்டும்தான சொன்னாரு?" என்று அருளப்பன் இழுத்தார்.

"முட்டிய மட்டும் தனியாக் கழத்திப் பொட்டியில வைக்க முடியுமாடே?" என்றார் ததேயு.

வஞ்சிரம் வைக்கிற பெரிய பெட்டியைக் கழுவி, அடியில் ஒரு அடுக்கு பொடி ஐஸ் போட்டு, மௌலியை உட்கார வைத்து, கழுத்துவரைக்கும் நிரப்பி, மேலே சாக்கும் போட்டு மூடினார்கள். மௌலி நல்ல மனிதர். ஊர் வழக்கமாக இருக்கும் என்று பொறுத்துக்கொண்டார். வெளியே எடுத்தபோது அவருக்குப் பல் தந்தியடித்தது. ததேயு பெருமையோடு திரும்பிப் பார்த்து, ஆள் இன்னும் பத்து நாளைக்குத் தாங்குவார் என்று ஊருக்கு அறிவித்தார்.

அன்று சாயங்காலம் வரவேற்புக் கூட்டத்தில் மௌலி பேசினார். தும்மலுக்கு நடுவே ரெண்டு வார்த்தைதான் பேச முடிந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. நீங்க எல்லாரும் எம் பின்னாடி இருந்தாப் போதும். கோலை நான் பாத்துக்கறேன்."

கூட்டம் எழுந்து அப்படியே நடந்து போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டது. யார் நிற்கிறார்கள் என்று மௌலி திரும்பிப் பார்த்தார். உடனே எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி மறுபடி அவருக்குப் பின்னால் போனார்கள். அவர் எத்தனை தடவை திரும்பினாரோ அத்தனை தடவை ஊர் அவரைச் சுற்றியது. வயசான ரெண்டு பேருக்குத் தலைசுற்றி, ஓரமாக உட்காரவைத்துச் சோடா கொடுக்க வேண்டியதாயிற்று. குளிக்கப் போன இடத்திலும் கதவுக்கு வெளியே ஊர் முழுக்க வரிசையில் நின்றது.

ஆட்ட நாளும் வந்தது. இந்த இடத்தில் நடுவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ரெண்டு ஊருக்கும் நடுவில் குடியிருக்கிற ஞானப்பிரகாசம் மாஸ்டர்தான் எப்போதும் நடுவர். நேர்மையான மனிதர். விசில் ஊதும்போது மட்டும் அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அது போதாதென்று சங்குமுனை மைதானத்தின் கோல் கம்பங்களில் வலையும் கிடையாது. கட்டினால் நிற்காது. சும்மா கரையில் தொங்குகிற வலையைப் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? மறுநாளே யாராவது அவிழ்த்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதை மாஸ்டர் காதால்தான் தீர்மானிப்பார். பந்தை அடித்த ஊர் கத்தினால் கோல், கத்தாவிட்டால் இல்லை. இதுவரை ஒரு தகராறும் வந்ததில்லை.

பாறைத்துறை வழக்கம்போல சீக்கிரமே ரெண்டு கோல் போட்டது. மௌலியால் பழையபடி ஓட முடியவில்லை, ஆனாலும் பந்து காலில் பட்டால் அது அவர் சொல்கிற இடத்துக்குத்தான் போனது. அவர் இடப்பக்கம் ஓடினால் கோட்டுக்கு வெளியே ஊரும் அவருக்குப் பின்னால் ஓடியது. கடைசி நேரத்தில் அவர் பந்தோடு வடக்குக் கோலை நோக்கித் திரும்ப, பின்னால் இருந்தே தீரவேண்டிய ஊர், கோட்டையும் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்து வந்தது. முரசு, கொடி, முன்னூறு ஜனம். எதிரே நின்ற பெர்க்மான்ஸ் இதைப் பார்த்து மிரண்டுபோய்க் கையால் முகத்தை மறைத்தான். பந்து நேராக அவன் கையில் வந்து பட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விசில் ஊதினார். பெனால்டி.

மௌலி பந்தைக் குறியிட்ட இடத்தில் வைத்தார். ததேயுவுக்கு நெஞ்சு அடித்த அடியில் அருளப்பன் முரசை நிறுத்தினாலும் தெரிந்திருக்காது. ஆனால் அருளப்பன் நிறுத்தவில்லை. மௌலியின் காதுக்குள்ளேயே முரசு அடித்தது, ஊர் கூச்சல் போட்டது. அவர் ரெண்டு தடவை ஓடிவந்து ரெண்டு தடவையும் நின்றுவிட்டார். கடைசியில் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தயவுசெஞ்சு கேளுங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஊர் பட்டென்று வாயை மூடியது. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் கண்ணை மூடி விசில் ஊத, மௌலி ஓடிவந்து அடித்தார். பந்து கோலியின் இடக்கைக்கு எட்டாமல், கம்பத்துக்கு உள்ளே, தரையோடு தரையாகப் போய்க் கடற்கரை மணலில் நின்றது. அத்தனை அழகான கோல்.

ததேயு வாயைத் திறக்கப் போனார். மௌலி ஒன்றும் சொல்லவில்லையே. ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. முன்னூறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. சரி, வெளியே போய்விட்டது போல என்று வருத்தத்தோடு கையை ஆட்டி, ஆட்டத்தை முடித்துவைத்தார்.

மௌலி திகைத்துப் போய் ஊரைப் பார்த்தார். ததேயு முன்னால் வந்து, அனுமதி கேட்டு மௌலியையும் தன் வாயையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டினார். பின்னாலிருந்த அத்தனை பேரும் அதையே செய்தார்கள். முன்னூறு பேர் அழுத கண்ணோடு உங்களையும் தங்கள் வாயையும் சுட்டிக்காட்டினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? வாய்ப்பேச்சு வீரன் என்று தன்னைச் சொல்கிறார்கள் என்றுதான் மௌலி நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு போய்க் காரில் ஏறினார். பின்னால் இருக்கவேண்டிய ஊர், பெரிய ரோடுவரைக்கும் காருக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடியது. அதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் இன்னும் வேகமாக ஓட்டினான்.

அதற்கப்புறம் சங்குமுனையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீன் ஏலம் விரலாலேயே நடந்தது. கூடைக்காரப் பெண்கள் தெருத்தெருவாகப் போய் மீனைத் தூக்கிக் காட்டிவிட்டு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் எது சொன்னாலும் பதில் வராததால் எல்லாப் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். பெர்க்மான்ஸ் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டான். ததேயு அவனை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, அவன் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் ததேயுவின் போன் அடித்தது. மௌலி.

"அண்ணா, மௌலி பேசறனுங்க." ததேயு போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கையை ஆட்டி ஊரைக் கூப்பிட்டார். போனைச் சத்தமாக வைத்து உயரத் தூக்கிப் பிடித்தார். "அண்ணா, இருக்கீங்களா? எனக்குச் சோறு தண்ணி எறங்கலைங்க. இத்தனை வருசம் ஆடியிருக்கேன், கோல் போட்டு ஒருத்தர்கூடக் கைதட்டாம நின்னு நான் பாத்ததில்லை. நான் என்ன தப்புப் பண்ணேன்? கோவம்னா திட்டுங்க. இப்படிச் சும்மா இருக்காதீங்கண்ணா. வாயத் தொறந்து பேசுங்க."

ததேயு கிளமென்டைப் பார்த்தார், கேட்டது சரிதானா என்று. கிளமென்ட் தலையாட்டினார். அருளப்பனும் தலையாட்டினார். ததேயு மூச்சை இழுத்துக்கொண்டார்.

"கோல்!"

ஐம்பது வருஷத்துக் கோல் அது. அவர் குரல் உடைந்து முடியுமுன் ஊர் முழுக்க எழும்பிக் கத்தியது. தென்னையிலிருந்த காக்கை எல்லாம் பறந்தன. அந்தப் பக்கம் மௌலி போனைக் கீழே போட்டுவிட்டுப் பிறகு எடுத்துச் சிரித்துக்கொண்டே அழுதார். ஒரு மைல் தள்ளித் தன் வீட்டு முற்றத்தில் தாடிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஞானப்பிரகாசம் மாஸ்டர் திடுக்கிட்டு, கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, கண்ணை மூடி ஊதினார். பாதி முகச் சோப்போடு சைக்கிளில் ஏறிச் சங்குமுனைக்கு வந்துசேர்ந்தார்.

ஊர் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடத் தயாரானது. மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

"சத்தம் இப்பத்தான வந்துது? அப்ப கோல் விழுந்ததும் இப்பத்தான். மௌலி இப்ப எங்க?"

"கோயம்புத்தூர்ல, வீட்ல," என்றார் ததேயு.

மாஸ்டர் வடக்கே திரும்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். கோல் போடுகிறவருக்கு முன்னால் எதிரணி ஆள் ரெண்டு பேராவது இருக்க வேண்டும். மௌலியோ வடக்குக் கோலையும் தாண்டி, நாகர்கோவிலையும் மதுரையையும் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பாறைத்துறை ஆள் ஒருவன்கூட இல்லை. "ஆப்சைடு," என்றார்.

ஊர் யோசித்துப் பார்த்தது. மனிதர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. ததேயு மட்டும் மணலில் உட்கார்ந்துவிட்டார். கத்தியதென்னவோ கத்தியாயிற்று, ஆனால் செல்லாத கோலுக்குக் கத்திவிட்டோமே என்று அவருக்குத் தாங்கவில்லை.

அப்போது பெர்க்மான்ஸ் எழுந்தான். பாறைத்துறையும் அதே கடலில் மீன் பிடிக்கிற ஊர்தானே. "எங்க தலையில ஒரு கோல் விழணும்னா அது சட்டப்படி விழணும்," என்றான். "அரையும் குறையுமா ஒண்ண வச்சுக்கிட்டு எங்களாலயும் உறங்க முடியாது. ரெண்டு ஆள்தான வேணும்? நீங்க வருத்தப்படாதீங்க அத்தான்."

அந்த வாரக் கடைசியில் கோயம்புத்தூரில் மௌலி காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தார். வாசலில் பாறைத்துறைச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ரெண்டு பேர் நின்றார்கள். கையில் ஒரு பை கருவாடு.

"யாருங்க நீங்க?"

"உங்களுக்கு டிபென்ஸ் ஆட வந்திருக்கோம்," என்றான் பெர்க்மான்ஸ். "ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. இந்த வீட்ல வடக்கு எது?"

மௌலி ஒன்றும் புரியாமல் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார். ரெண்டு பேரும் மரியாதையாக உள்ளே வந்து, மௌலியைத் தாண்டி, அடுப்புக்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்து நின்றுகொண்டார்கள். பெர்க்மான்ஸ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"அத்தான், நாங்க நின்னாச்சு. இனி நல்லாக் கத்துங்க."