தவசி பிரஷ் துடைத்த பலகை

கோடாங்கிபுரத்தில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் நால்வர் குழு ஒன்று இருந்தது. நால்வருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதையும் மேஸ்திரி அங்குசாமி செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார். "வெளிப்பக்கம் பூரா அடிச்சிருங்க" என்று சொன்னால் போதும். ஜன்னல் கண்ணாடி, கொடியில் காயும் வேட்டி, சுவரோரம் தூங்கும் நாய் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நிறம் மாற்றும்போது பிரஷைத் துடைக்க ஒரு பிளைவுட் பலகை வைத்திருந்தார்கள். அதில் அதிகம் துடைப்பவன் தவசி. துடைக்கிற நேரத்தில் சுவரில் அடிக்க வேண்டியதில்லை அல்லவா!

சென்னையில் ஓவியக்கூடம் நடத்தும் ரகோத்தமன் என்பவர் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே இந்தக் குழுவின் வேலை நடந்துகொண்டிருந்தது. பலகையைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

"இது யார் பண்ணினது?"

"தவசிங்க. மன்னிச்சிருங்க, இனிமே ஒழுங்கா வேலை பார்ப்பான்" என்றார் அங்குசாமி.

"ஏலத்துல லட்சக்கணக்கில போகும்யா! கலைஞர் உயிரோட இருக்காரே, அதுதான் இடிக்குது. செத்துட்டா பத்து மடங்கு."

பலகையில் யார் கையும் படாமல் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று சாயங்காலமே குழு கூடியது.

"என்னடா தவசி, செத்துருவியா?" என்று கேட்டார் அங்குசாமி.

"சாகறதுல ஒண்ணும் இல்லண்ணே. ஆவணியில கல்யாணம் இருக்கே, செண்பகவல்லி கோவிச்சுக்குமே" என்று தவசி கண் கலங்கினான். பாவம், அந்தப் பெண் மேல் அவனுக்கு உயிர்.

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் லீவு கேட்டு வந்துட்டுப் போயேன்" என்றான் குழுவில் இன்னொருவனான பேச்சிமுத்து.

"செத்தவனுக்கு லீவு உண்டாடா?"

"ஞாயித்துக்கெழமை எல்லாருக்கும் லீவுதானண்ணே."

ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. எப்படிச் சாவது என்று ரகோத்தமனிடமே போனில் கேட்டார்கள். அவர் பதறிப்போனார். "நிஜமா ஒண்ணும் வேண்டாம்யா! கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினா போதும்."

ஊரிலேயே போஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டத் தெரிந்தவன் தவசிதான். எனவே பசை வாளியோடு அவனே கிளம்பினான்.

"யாருப்பா தவறிட்டது?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"நான்தாண்ணே."

"அடப்பாவமே, சின்ன வயசாச்சே!" என்று அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீக்குக் காசு வாங்கவில்லை.

கை படக் கூடாது என்பதால் பலகையை, பெயிண்ட் பக்கம் கீழே இருக்கும்படி, நால்வரும் தலையில் தாங்கியே சென்னைக்குக் கொண்டுபோனார்கள். காயாத பெயிண்டில் நாலு பேர் தலைமுடியும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. ஏலக் கூடத்தில் தாடி வைத்த நிபுணர் ஒருவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "மனித இருப்பின் வேர்கள்" என்று எழுதினார். உடனே விலை ஏறியது. அவர் படித்தவர், அவருக்குத் தெரியாதா!

ஏலம் கேட்க வந்த சிமெண்ட் முதலாளி, பக்கத்தில் நின்ற தவசியிடமே விசாரித்தார். "ஓவியர் எப்போ காலமானார்?"

"செவ்வாய்க்கெழமைங்க."

"எப்படி?"

"திடீர்னுதாங்க. எனக்கே சொல்லித்தான் தெரியும்."

முதலாளி மனம் உருகிப்போய்க் கையைத் தூக்கினார். பிறகு இறக்கவே இல்லை. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று சுத்தியல் விழுந்தபோது விலை இரண்டு கோடி. பிரஷ் துடைத்த பலகைக்கு! அந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெட்கமே இல்லை.

பணம் ஆவணிக் கடைசியில்தான் வரும் என்றார் ரகோத்தமன். "அதுவரைக்கும் எங்க போனாலும் தவசி செத்தவராவே இருக்கணும்."

சொன்ன சொல் தட்டுவார்களா? கல்யாணப் பத்திரிகையில் 'மணமகன்: அமரர் தவசி' என்று அச்சடித்தார்கள். மரியாதைக்காக முதலாளிக்கும் ஒன்று அனுப்பினார்கள். அவரும் மலர்வளையத்தோடு வந்துவிட்டார்.

மணையில் செண்பகவல்லிக்குப் பக்கத்தில் மாலை போட்ட போட்டோவை வைத்தார்கள். தவசி பட்டு வேட்டியோடு கூட்டத்தில் நின்று ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முகூர்த்தம் வந்தது.

"போட்டோவுக்குக் கை இல்லையே, தாலிய யாரு கட்டறது?" என்று கேட்டார் அங்குசாமி.

தவசி மெதுவாகக் கையைத் தூக்கினான். கை தூக்குவதைக் கண்டதும், முதலாளி பழக்கதோஷத்தில் அதைவிட உயரமாகத் தூக்கினார். அங்குசாமிக்கு ஏல முறை தெரியுமே! தேங்காயை எடுத்து மணையில் தட்டினார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

தவசி நுனிக்காலில் எம்பிப் பார்த்தான். செண்பகவல்லி துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"எனக்கு இந்தா நிக்கிற தவசிதான் வேணும், உசுரோட!"

"மூணு தரம்!" என்று தேங்காயை உடைத்தார் அங்குசாமி. தவசி ஓடிவந்து தாலி கட்டினான்.

முதலாளி போட்டோவைப் பார்த்தார், தவசியைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு ஏதோ கணக்குப் போட்டு மலர்ந்தது.

"பத்திரமா வச்சுக்கம்மா. ஏற்கெனவே ஒரு தடவை செத்தவரு. இன்னொரு தடவை செத்தா நூறு மடங்கு!"

மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை, பசை வாளியைத் தேடிக் கிளம்பினான்.