மடியில் வைத்த கத்தி

அந்தக் கரையில் கரைவலைக்குக் கயிறு இரண்டு. மீன் சேரும் மடி நடுவில் ஒன்றே ஒன்று. தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் கைக்கு அகப்பட்ட கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அவர்கள் ஒன்றாக வந்து பங்கைக் கூட்டிக் கேட்டதும் வலை முதலாளி கோதண்டத்துக்கு வயிறு எரிந்தது. தமிழருக்கு ஒரு கயிறு, தெலுங்கருக்கு ஒரு கயிறு என்று பிரித்துவிட்டார். கரையில் 'நாங்க', 'நீங்க' என்று பேச்சு முளைத்து, கைகலப்பில் போய் நின்றது.

அதுவும் அவருக்குப் போதவில்லை. கிழிந்த வலை பொத்துகிற தேசம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்த வலையை ரெண்டு கூட்டத்துக்கும் ரெண்டாக்கு. மீன் மட்டும் குறையக் கூடாது. முடியலைன்னா ஊரை விட்டுப் போ!"

"ஆகட்டும் மொதலாளி" என்றவள், மறுநாள் எல்லாரும் பார்க்க மடியின் நடுவில் கத்தியை வைத்தாள்.

"அடிப்பாவி! மடியைக் கிழிச்சா மீனெல்லாம் ஓடிப்போயிடுமே!" என்று பதறினார் கோதண்டம்.

"அப்ப முழுசா யாருக்கு விடட்டும்? தமிழாளுக்கா, தெலுங்காளுக்கா?"

இரண்டு கூட்டமும் முதலாளியின் வாயையே பார்த்தது. எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபக்கம் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

"ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தாத்தானடி மடி கரைக்கு வரும்!" என்று கத்தினார்.

"இதை உங்க வாயாலயே சொல்லணும்னுதான் காத்திருந்தேன்" என்று தேசம்மா கத்தியை இடுப்பில் செருகினாள்.

கரையே சிரித்தது. அன்றைக்கே கயிறுகளைக் கலந்து பிடித்தார்கள்; பங்கையும் கூட்டி வாங்கினார்கள்.

சாயங்காலம், கைகலப்பில் அடித்துக்கொண்ட ஒரு தமிழாளும் ஒரு தெலுங்காளும் ஒரே மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள். "எல்லாம் உன் புண்ணியம்க்கா" என்றான் ஒருவன். மற்றவன் அதையே தெலுங்கில் சொன்னான். எந்தக் கயிற்று மீன் என்று தேசம்மா கேட்கவில்லை. குழம்புக்கு ஆகுமா என்றுதான் பார்த்தாள்.