கட்டை பிடுங்கிய கூட்டம்

ஒரு ஊரில் ஒரு விளிம்பு இருந்தது. கல்லை வெட்டித் தின்று தீர்த்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்ட பழைய குவாரியின் விளிம்பு அது. கீழே பனைமர ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். மேலே எருக்கஞ்செடி மண்டிக் கிடப்பதால், கிட்டே வரும்வரை பள்ளம் இருப்பதே தெரியாது.

அதனால் ஊர்க்காரர்கள் ஓரத்தில் சவுக்குக் கட்டைகளை நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். விளிம்புக்கும் கட்டைகளுக்கும் அப்படியொரு சிநேகம்.

"நீங்க நிக்கிறவரைக்கும் எனக்குப் பழிபாவம் இல்லப்பா" என்று விளிம்பு அடிக்கடி சொல்லும்.

ஒருநாள் பக்கத்துப் பொட்டலில் கட்சிக் கூட்டம் ஏற்பாடாகியது. தலைவர் மீது தொண்டர்களுக்கு அன்பு ஜாஸ்தி. அந்த அன்பிலிருந்து அவரைக் காப்பாற்ற மேடைக்கு முன்னால் தடுப்பு கட்ட வேண்டும். கட்டை போதவில்லை. ஒன்றியச் செயலாளர் தவசி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தா சும்மாதானே நிக்குது, அதைப் பிடுங்குங்கய்யா!"

"நாங்களா சும்மா நிக்கிறோம்? நாசமாப் போச்சு!" என்று கட்டைகள் அலறின. தலைவர் வருகிற அவசரத்தில் கட்டை பேச்சை எவன் கேட்பான்?

சாயங்காலம் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நம் நாடு இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஆனால் விளிம்பில் நின்றது நாடு இல்லை, அன்னக்கொடியின் ஆடு. ஆள் துணையில்லாத அன்னக்கொடிக்குச் சொத்து, சொந்தம் எல்லாம் அந்த ஒரே ஆடுதான். நிறை சினை வேறு. கூட்டத்தை வேடிக்கை பார்த்தபடி அவள் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள்.

"ஏ மைக்கு! வேலி இல்லாமக் கெடக்கேன். பள்ளம் இருக்கு, பக்கத்துல வராதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்று விளிம்பு கெஞ்சியது.

மைக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "நடுவில் பேசாதே! உன்னைப் பற்றித்தானே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஊரே உனக்காகக் கைதட்டுகிறது. கொஞ்சமாவது நன்றி இருக்கிறதா?"

"கைதட்டு எனக்கெதுக்கு? என் கட்டைகளைக் குடு."

"கட்டையாம் கட்டை! அற்ப புத்தி உன்னை விட்டுப் போகுமா? நான் தேசத்தைப் பற்றிப் பேசுகிறேன்."

தலைவர் குரலை இன்னும் உயர்த்தினார். பூரித்துப்போன எவனோ ஒரு புண்ணியவான் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். ஆடு மிரண்டு ஓடியது.

"ஏ கருவாச்சி! நில்லுடி! புள்ளத்தாச்சி ஓடாதடி!" என்று அன்னக்கொடி பின்னாலேயே ஓடினாள்.

"வராதே தாயி, வராதே!" என்று விளிம்பு கத்தியது. "விளிம்பு! விளிம்பு!" என்று மைக்கும் கத்தியது. மைக்கின் குரல்தான் கேட்டது.

ஆடு போய்விட்டது. தண்ணீர்ச் சத்தம்கூட வெடிச்சத்தத்தில் அமுங்கிவிட்டது. அன்னக்கொடி எருக்கஞ்செடியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு அந்தரத்தில் தொங்கினாள். விளிம்பு தன் ஓரத்துக் கல் ஒன்றை உயிரைக் கொடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதில் காலை ஊன்றித்தான் அவள் மேலே ஏறினாள். ஏறியவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். விளிம்பும் அழுதது. இரண்டு பேரையும் யாரும் பார்க்கவில்லை, மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் பரவியதும், மறுநாள் காலையில் ஆறுதல் சொல்லத் தலைவரே புறப்பட்டு வந்தார். போட்டோக்காரரும் வந்தார்.

"ஐயா, பள்ளம் பள்ளம்! ஐயா காலுக்கு ஒண்ணு ஆயிரப்போகுது!" என்று பதறிய தவசி, வேனிலிருந்து சவுக்குக் கட்டைகளை இறக்கி மளமளவென்று ஓரத்தில் நட்டார். பழைய குழிகள் அப்படியே இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

"வந்துட்டோம்!" என்றன கட்டைகள். விளிம்புக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

தலைவர் கட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக நின்று பள்ளத்தைச் சோகமாகப் பார்த்தார். போட்டோ நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அன்னக்கொடி பக்கம் திரும்பினார்.

"என்ன உதவி வேணும்னாலும் கேளும்மா."

"செத்த ஆடு திரும்பி வரவா போகுது சாமி? இந்தக் கட்டைகளை மட்டும் விட்டுட்டுப் போங்க."

தலைவர் தவசியைப் பார்த்தார். தவசி அதற்குள் முதல் கட்டையை ஆட்டிப் பிடுங்கிவிட்டார்.

"அதெப்படிம்மா முடியும்? சாயங்காலம் அடுத்த ஊர்ல ஐயா உன் ஆட்டைப் பத்தித்தான் பேசப்போறாரு. தடுப்புக்குக் கட்டை வேணுமில்ல?"