பாயின் மறுபாதி

"யாருமே பாட மாட்டேங்கிறாங்க, டீச்சர்."

வெயிலிலிருந்து வந்த வேகத்தில் சொன்னார் தனுஷ்கோடி. பின்னாலேயே மைக்செட்காரர் சூசை, ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

ரெஜினா டீச்சர் ஏணியின் உச்சியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எத்தனை ஊர் போனீங்க அண்ணாச்சி?"

"எண்ணிக்கையே விட்டுப் போச்சு. ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு ஊர் பாக்கியில்லை. பாடத் தெரியுமான்னு கேட்டா, அந்தா அந்த வீட்ல கேளுங்கன்னு கை காட்டுறாங்க. அந்த வீட்ல கேட்டா இந்த வீட்டைக் காட்டுறாங்க."

கோவில்பட்டிக்கு வெளியே, மூடிக் கிடந்த பருத்தி மில் அது. ஆடிக் கடைசி ஞாயிறு சாயங்காலம் அங்கே ஒரு கூட்டம் கூடும். சினிமாவில் பாடாதவர்கள், கேசட்டில் வராதவர்கள், பெயர் சொன்னால் பக்கத்துத் தெருவுக்கே தெரியாதவர்கள், தாங்களே கட்டிய பாட்டையோ தங்கள் ஊர்ப் பாட்டையோ பாடுவார்கள். வழக்கம் ஒன்று உண்டு. முன்னால் ஒரு பாய் விரித்திருக்கும். இதுவரை யாரும் கேட்டிராத ஒருவரை யாராவது கூட்டி வந்து அதில் உட்கார்த்த வேண்டும். அவர் பாடித்தான் கூட்டம் தொடங்கும். கூட்டி வந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் பாய் தனுஷ்கோடியின் பொறுப்பு.

மஸ்கட்டில் இருந்த வேலையை விட்டுவிட்டு, இப்படி ஆள் கண்டெடுப்பதை டீச்சரிடம் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தார். டீச்சரைவிட வயதில் மூத்தவர். பாட்டும் முறையாகப் படித்தவர். டீச்சரோ பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் கத்திக் கத்தி, தொண்டை தகரம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வட்டாரத்தின் பாடகர்களில் பாதிப் பேரைக் கண்டெடுத்தது அந்தத் தகரத் தொண்டைதான்.

பாய் காலியாகக் கிடந்தால் திரும்பவும் மஸ்கட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார் தனுஷ்கோடி.

"எப்படிக் கேக்கீங்க?" என்றார் டீச்சர்.

"முதல்ல நானே ஒண்ணு பாடுவேன். அவங்க கூச்சம் போகணுமில்லையா?"

"பாடுங்க பாப்போம்."

பாடினார். மில்லின் தகரக் கூரைவரை போய்த் திரும்பியது குரல். விட்டத்துப் புறாக்கள் அடங்கின. சூசை முதலில் கைதட்டினார்.

"பாடி முடிச்சதும்?"

"கைதட்டுவாங்க."

"அப்புறம்?"

"டீ வாங்கித் தருவாங்க."

"அப்புறம்?"

"எந்திரிச்சுப் போயிருவாங்க."

"பின்ன, அதுக்குமேல அங்க அவங்களுக்கு என்ன வேலை இருக்கு?" என்றார் டீச்சர்.

*

மறுநாள் டீச்சர் அவரை டவுன் பஸ்ஸில் கூட்டிப் போனார்.

பஸ் ஊரைத் தாண்டியதுதான் தாமதம். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாட ஆரம்பித்தார்.

"மஞ்சக் கிழங்கு அரைக்கையில
மச்சான் வந்தாரு – அவரு
மாட்டை எல்லாம் அவுத்துவிட்டு…"

தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் போனது. முன்சீட்டில் இருந்தவர் காதைக் குடைந்தார். டீச்சருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி மாடு அவிழ்ந்தது.

"ஏ தாயி, நிறுத்து!"

பின்னாலிருந்து சத்தம். கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்.

"மஞ்சள் அரைக்க இடத்துல மாடு எங்கிட்டு வந்துச்சு? கேக்கச் சகிக்கலையே!"

"பின்ன எப்படிக்கா?"

"எப்படியா?" கூடையைப் பக்கத்து ஆளின் மடிக்குத் தள்ளினார்.

"மஞ்சக் கிழங்கு அரைக்கையில
மச்சான் வந்தாரு – அவரு
கொஞ்ச வந்த சாக்குச் சொல்லிக்
குழவிய ஒளிச்சாரு!"

பஸ் அதிர்ந்தது. கூடையை மடியில் வாங்கிய ஆளே குலவையிட்டார். இறங்க வேண்டிய ஊரில் யாரும் இறங்கவில்லை. விசிலை வாயில் வைத்த கண்டக்டர் ஊத மறந்து நின்றார். அரைத்த மஞ்சள் தீர்ந்து, மச்சான் அடி வாங்கி, பாட்டு முடிந்தபோது இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது.

தனுஷ்கோடிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. "டீச்சர், இவங்களைப் பாயில…"

"அவுக என் ஆளு. உங்க ஆளை நீங்க தேடுங்க."

*

தனுஷ்கோடி தேடினார். சூசையின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துதான் எல்லா ஊருக்கும் போவார். வழியில் ஒரு பாட்டை முணுமுணுப்பார். மஸ்கட்டில் தானே கட்டியது. நாலு வரியோடு நின்றுபோன பாட்டு. அடுத்த வரி வரவே இல்லை. ஆகவே ஊர் எல்லை வந்ததும் நிறுத்திவிடுவார். அரைகுறையை நாலு பேர் முன்னால் வைக்கலாமா?

டீக்கடையில் இறங்கி, டீச்சர் மாதிரியே கெடுத்துப் பாடினார். சுருதியை இழுத்து இழுத்து விலக்கினார்.

பெஞ்சில் இருந்தவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி, நல்லா நடக்கத் தெரிஞ்சவரு எதுக்கு நொண்டுதீங்க?"

கடையே சிரித்தது. சூசை மொபெட்டைத் திருப்பினார்.

டீச்சரிடம் வந்து சொன்னபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் நொண்டலை அண்ணாச்சி. என் காலே அவ்வளவுதான்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

டீச்சர் ஏணியில் ஏறினார். கயிற்றுச் சுருளின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை அந்தரத்தில் வீசினார்.

தனுஷ்கோடி பாய்ந்து பிடித்தார்.

"பிடிங்கன்னு நான் சொன்னேனா?"

"இல்லை… கீழ விழுந்திருமேன்னு."

டீச்சர் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக் கட்டினார். அவ்வளவுதான். பிறகு தோரணத்தைப் பற்றித்தான் பேசினார்.

*

ஞாயிறு சாயங்காலம் மில் நிறைந்துவிட்டது. கருவாட்டுக்கார அக்கா இரண்டு பேத்திகளோடு வந்திருந்தார். எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். பாய் காலி.

"ஆள் எங்க அண்ணாச்சி?"

"கிடைக்கலை டீச்சர். மன்னிச்சிருங்க. நான் கிளம்புறேன்."

"கிளம்புங்க. அதுக்கு முன்னாடி பாயில உக்காந்து ஒண்ணு பாடிட்டுப் போங்க. ஆனா, அன்னிக்குப் புறாவை அடக்கின பாட்டு வேண்டாம்."

"வேற முழுசா ஒண்ணும் இல்லையே."

"முழுசு யாரு கேட்டா?"

தனுஷ்கோடி உட்கார்ந்தார். சூசை வந்து மைக்கைச் சரி செய்தார். "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்த்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய்க் குந்திக்கொண்டார்.

பாடினார்.

"ஒட்டகம் போற பாதையில
ஒத்தை மேகம் பாத்தேன் – நீ
எட்டயபுரம் போவியான்னு
எட்டி நின்னு கேட்டேன்…"

நின்றது. அவ்வளவுதான் இருந்தது.

கூட்டம் காத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மைக் கெட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சூசை துள்ளி எழுந்து ஓடி வந்தார். ஒயரை ஆட்டினார். மைக்கைத் தட்டினார். "ஹலோ" என்றார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

சூசை மைக்கைப் பார்த்தார். தனுஷ்கோடியைப் பார்த்தார். எத்தனையோ ஊர் எல்லைகளில் பாதியில் நின்றுபோன அந்த வரி, இப்போது இத்தனை பேர் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. சூசையால் தாங்க முடியவில்லை. தானே எடுத்துப் பாடினார்.

"எட்டி நின்னு கேட்டவரே
எங்க இருந்தீரு? – நான்
கொட்டித் தீத்து வந்த பின்ன
குடையத் தேடுதீரு!"

மில் வெடித்தது. புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிக் கூரையைச் சுற்றின. கருவாட்டுக்கார அக்கா குலவையிட, சூசை நிறுத்தவில்லை. அடுத்த நாலு வரி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மேகம் பேசியது, மொபெட் பேசியது, டீக்கடையில் நொண்டிய பாட்டுக்கும் ஒரு வரி இருந்தது. தனுஷ்கோடி தொடையில் தாளம் போட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாய் திறந்தே கிடப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் பின்னாலிருந்து குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

"நகர்ந்து உக்காருங்க அண்ணாச்சி. உங்க ஆள் நின்னுக்கிட்டே பாடுதாரு."