இருவாச்சி மரத்தடியில் ஒரு கூடாரம்

வனவர் ஜெபமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அலுவலக நாற்காலியிலேயே காலத்தை ஓட்டிவிட்டுக் கடைசியில் காட்டுக்கு மாற்றலாகி வந்தவர். வேட்டைத் தடுப்புக் காவலர் நீலிக்கு அவரில் பாதி வயது. ஆனாலும், "காட்டுல இந்தப் பொண்ணுதான் எனக்கு வாத்தியார்" என்று எல்லோரிடமும் சொல்லுவார். தங்கமான மனுஷர், அவசரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

பாறைமேல் நின்று நீலி தூரத்து மரப்பொந்தைக் காட்டினாள். பெண் இருவாச்சி உள்ளே புகுந்து, வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டு முட்டையிட்டிருந்தது. ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டிவிட்டுப் பறந்தது. சரகத்தில் மிஞ்சியிருந்த ஒரே கூடு அது. போன வருஷம் குஞ்சை எவனோ திருடிப் போயிருந்தான்.

"இவ்வளவு தூரத்துல நின்னா இதென்னம்மா காவல்?"

"இங்கிருந்து பாத்தாப் போதும் சார்."

மறுநாள் நீலி தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தது. திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

கூட்டு மரத்தடியில் ஒரு கூடாரம் இருந்தது. அதைப் பார்த்ததும் நீலி நடையை எட்டிப்போட்டாள். தூர நிற்பதற்கான காரணத்தையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஜெபமணி தாடியும் சிவந்த கண்ணுமாக எழுந்து வந்தார்.

"நாலு நாளா அந்தக் கீறல் வழியா அலகு வெளிய வரலம்மா."

நீலி மரத்தை உள்ளங்கையால் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். உள்ளே சத்தமே இல்லை.

"ஒருத்தனையும் கிட்ட விடல. விடிஞ்சா அடைஞ்சா இங்கயேதான் கிடந்தேன். அந்த ஆண் பறவைதான், பாவி, ஒருநாள்கூட எட்டிப் பாக்கல. பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு எங்கம்மா போச்சு?"

அவர் அழுதுவிட்டார்.

நீலி அவரைக் கூட்டிக்கொண்டு சரிவில் நடந்தாள். நூறு தப்படி தள்ளி ஒரு நாங்கு மரம். அதன் அடியில் அத்திப்பழங்கள் சிதறிக் கிடந்தன. பாதி அழுகிப் பூசணம் பிடித்திருந்தன. சில அன்று காலையில் விழுந்தவை.

ஜெபமணி அண்ணாந்து பார்த்தார்.

"இது அத்தி மரம் இல்லையே?"

"இல்ல சார். அந்த ஆண் பறவைதான் கொண்டாந்திருக்கு. தினமும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு, ஏம்மா இங்கயே நின்னுடுச்சு?"

நீலி ஒரு பழத்தை எடுத்து மண்ணைத் துடைத்தாள். அங்கிருந்து கூடாரம் நன்றாகத் தெரிந்தது.

"நீங்க எந்திரிச்சுப் போவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கு சார்."