துண்டுக்குள் இருந்த கை

அந்தக் காலத்தில் மாடுகள் வாய் திறந்து பேசும். மனிதர்கள்தான் வாயை மூடிக்கொண்டு பேரம் பேசுவார்கள். சந்தையில் இருவர் கைகளைச் சேர்த்துத் துண்டால் மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒருவர் மற்றவரின் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, அதுதான் விலை.

இதில் மொக்கராசுத் தரகரை மிஞ்ச ஆளில்லை. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். பேரம் படியாவிட்டால் கையை உதறிக்கொண்டு பத்தடி போவார். உடனே திரும்பி வந்து துண்டைப் போடுவார்.

ஒரு சந்தையன்று ஆவுடைத் தச்சன் வண்டியிலிருந்து ஒரு மரப்பொம்மையை இறக்கினான்.

"தரகரே, இதுக்கும் பேரம் தெரியும்."

"கட்டைக்கு ஏதுய்யா சூடு சொரணை? தொட்டதுமே சொல்லிருவேன், கட்டையா மனுசனான்னு."

"சொல்லாட்டி?"

"என் செவலையை அவுத்துக்கோ!"

அசைபோட்டுக்கொண்டிருந்த செவலைக் காளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாயில்லாக் கன்றாக வந்ததை மொக்கராசுவின் மனைவி பேச்சிதான் பால் புகட்டி வளர்த்திருந்தாள்.

"ஐயா, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ வாயை மூடு!"

தச்சன் சாக்குப் படுதா கட்டினான். படுதாவின் இரண்டு ஓட்டைகள் வழியே இரண்டு கைகள் நீண்டன. இரண்டுக்கும் ஒரே தோலுறை. ஒன்று பொம்மையின் கை, மற்றது ஆள் கை. "செவலைக்கே விலை பேசுங்க" என்றான்.

முதல் கை ஒரு விரலைப் பிடித்தது, விட்டது. மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது. மொக்கராசுவுக்கு எரிச்சல்.

இரண்டாவது கை வெடுக்கென்று பாதி விலைக்கு இறங்கியது. அவர் ஏற்றினார். அது உதறிக்கொண்டு போனது. கண்ணிமைப்பதற்குள் திரும்பி வந்து அவர் விரல்களை நெரித்தது. அடடா, இவனல்லவா ஆளு!

"ஐயா, முதல் கையை இன்னொரு தரம் பிடிச்சுப் பாருங்க" என்றது செவலை.

"எதுக்கு? ரெண்டாவதுதான் மனுசன்! ரத்தம் கொதிக்குதேய்யா! முதலாவது வெறுங்கட்டை!"

தச்சன் படுதாவை அவிழ்த்தான். இரண்டாவது கை பொம்மையுடையது.

"அதுக்கு நான் பழக்கினது உங்க பேரத்தைத்தான் தரகரே. நீங்க உதறினதை எல்லாம் ஒண்ணுவிடாமக் கவனிச்சேன்."

முதல் கையிலிருந்து உறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் பேச்சி.

"செவலைக்கு விலை சொல்ல எனக்குக் கை வரல. அதுதான் உமக்குக் கட்டையாப் போச்சா? உறை போட்டாலும் என் கை உமக்குத் தெரியும்னு நம்பித்தானே வந்தேன்! இனிமே அந்தக் கட்டை கேக்கட்டும், நீரு மனுசன்தானான்னு. அதுக்குப் பதில் சொல்லி ருசுப்படுத்திக்கிட்டே கெடயும்!"

செவலையின் கயிற்றை அவளே தச்சனிடம் கொடுத்தாள். காளை அவன் பின்னே நடந்தது. மொக்கராசு பத்தடி போனார், வந்தார், மறுபடி போனார்.

அன்று முதல்தான் அந்தப் பொம்மையின் வழிவந்த இயந்திரங்கள், நம் பேச்சை நம்மிடமே கற்றுக்கொண்டு, நம்மையே வாசலில் நிறுத்தி, "நீ மனிதன்தானா?" என்று கேட்கின்றன. நாமும் அவசர அவசரமாகப் கணினித் திரையில் பேருந்துப் படம் உள்ள கட்டங்களைத் தொட்டுக் காட்டுகிறோம், அதிலும் ஒன்றைத் தப்பாக.