வேங்கை மரத்துக்குள்ள யாரு?

இது நான் கண்ணால பாத்த கதை இல்லடி செம்பா. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் பொன்னி சொன்னது, அவளுக்கு அவ மாமா சொன்னாராம். ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா அத்தைய மன்னிச்சுக்கோ. ம் கொட்டணும், சரியா?

ஒரு காட்டோரத்துல ஒரு கிழட்டு வேங்கை மரம். பாதி உடம்பு உளுத்துப்போச்சு. மீதி உடம்பு கோடையில இலையக் கொட்டிட்டு மழைக்குத் துளிர்க்கும். சுத்தியிருந்த கிழட்டு மரமெல்லாம் விறகாப் போயாச்சு. அதனால நீள மீசை வச்ச ஒரு அம்மா வண்டு, முட்டை வைக்க இடமில்லாம அலைஞ்சு அலைஞ்சு கடைசியா இங்க வந்துச்சு. பட்டை இடுக்குல ரெண்டே முட்டை வச்சுது, செத்துப்போச்சு. பாவம், இல்ல? ம். முட்டையிலேருந்து வந்த புழு ரெண்டும் மரத்துக்குள்ள போய், கரக் கரக், கரக் கரக்.

அப்புறம் சடையன்னு ஒருத்தர், வேலை வாங்குற மேஸ்திரியோட மரம் வெட்ட வந்தார். சடையன் ஊர் மரவெட்டிங்க வழக்கம் என்னன்னா, மொதல்ல மரத்த மூணு தட்டுத் தட்டி, "உள்ள யாருங்க?"ன்னு கேட்டுட்டு காது வைக்கணும். பதில் வந்தா அந்த வருஷம் கோடாலி படக்கூடாது. டொக், டொக், டொக். உள்ளேருந்து கரக் கரக்.

"ஆளிருக்குங்க மேஸ்திரி."

"வாடகை குடுக்குதா?"ன்னார் மேஸ்திரி. ஆனா விட்டுட்டார்.

அடுத்த வருஷம் தட்டுனார். அப்பவும் கரக் கரக். "போன வருஷம் வந்த விருந்தாளி இன்னுமாடா போகல?"ன்னு மொணமொணன்னு திட்டிக்கிட்டே போனார் மேஸ்திரி.

மூணாவது வருஷம். டொக், டொக், டொக். சத்தமே இல்ல. சடையன் அந்தப் பக்கம் போய்க் காது வச்சார். இல்ல.

"வீடு காலி. வெட்டு"ன்னார் மேஸ்திரி.

சடையன் கோடாலியத் தூக்குனார். தூக்குன கை இறங்கல. "தூங்குறாங்களோ என்னமோங்க. மொத மழை வரட்டும்."

"வேற ஆளக் கூட்டியாந்துருவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல."

"சரிங்க"ன்னு சடையன் மரத்தடியில உக்காந்துட்டார். வீட்ல அரிசி இல்லதான், என்ன பண்றது? மேஸ்திரி ரெண்டாவது ஆளக் கூட்டியாந்தார். அவரும் அதே வழக்கத்துல வளந்தவர். விஷயத்தக் கேட்டுட்டு அவரும் உக்காந்துட்டார். மூணாவது ஆளும் உக்காந்துட்டார். மேஸ்திரி மட்டும் நின்னுட்டிருந்தார்.

நாலு நாள் கழிச்சு, சடசடசடன்னு மழை. பட்டையில ஒரு ஓட்டை. அதுலேருந்து மொதல்ல ஒரு மீசை, அப்புறம் வண்டு. பின்னாடியே இன்னொண்ணு. விர்ர்ர்ருன்னு காட்டை மூணு சுத்து சுத்துச்சுங்க. வேற கிழட்டு மரமே இல்ல. திரும்பி இதே வேங்கையில வந்து, இடுக்குல முட்டை வச்சுதுங்க.

மேஸ்திரி நனைஞ்ச துண்டப் பிழிஞ்சார். "அப்ப இன்னும் மூணு வருஷமாடா?"

"அவங்களத்தான் கேக்கணுங்க."

மேஸ்திரி துண்டத் தலையில போட்டுக்கிட்டார். அவரும் பக்கத்துல உக்காந்தார்.

கதை மரத்துக்குள்ள போச்சு, செம்பா போர்வைக்குள்ள போச்சு. தூங்கும்மா.

அப்புறமா லைப்ரரியில தேடிப் பாத்தேன். மரம் தின்னுற புழு சிலது வருஷக்கணக்கா உள்ளேயே இருக்குமாம், கடிக்கிற சத்தம் வெளிய கேக்குமாம். வண்டா மாறுறதுக்கு முன்னாடி கூட்டுப்புழுவா இருக்குறப்ப மட்டும் எதையும் தின்னாதாம்.